அச்சு இல்லாமல் ஓர் இறக்கை: ரூட்டானின் முறையை மாடலில் செய்து பார்த்தது

லாங்-ஈஸீ என்கிற, வீட்டிலேயே கட்டிக்கொள்ளக்கூடிய சின்ன விமானத்தை ஆறில் ஒரு பங்கு அளவில் மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேன். அசலின் இறக்கை நுனிக்கு நுனி சுமார் 8 மீட்டர், என்னுடையது 1.3 மீட்டர். பிரதான இறக்கையும், மூக்குப் பக்கம் வரும் கனார்டு என்கிற சின்ன இறக்கையும் முடிந்துவிட்டன. உடல் பாக்கி.

இந்த விமானத்தை வடிவமைத்த பர்ட் ரூட்டான் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் விசித்திர உருவத்தைத்தான் பேசுவார்கள். சின்ன இறக்கை முன்னால், எஞ்சின் பின்னால், வால் கிடையாது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவர் செய்த வேலைமுறை. 1965 முதல் 1972 வரை எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் சோதனைப் பொறியாளராக இருந்தபோதே தன் வீட்டு கராஜில் வேரிவிகன் விமானத்தைக் கட்டினார். மாடலைக் காற்றோட்டத்தில் வைத்துச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்துக்கு எங்கே போவது? மாடலைக் காரின் கூரைமேல் பொருத்தி ஓட்டி விசைகளை அளந்தார். ஆனால் வேரிவிகன் பெரும்பாலும் மரம்தான். கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் சொந்தக் கம்பெனி தொடங்கி, 1975-ல் பறக்கவிட்ட வேரிஈஸீயில்தான், அதாவது லாங்-ஈஸீக்கு முன்னோடியில்தான், அச்சில்லாமல் ஃபோமும் கண்ணாடி இழையுமாகக் கட்டும் முறை முழுசாக வந்தது.

ஃபைபர் வேலை தெரிந்தவர்களுக்கு வழக்கமான வரிசை தெரியும்: முதலில் மாதிரி உருவம், அதன் மேல் அச்சு, அச்சுக்குள் பொருள். நூறு தண்ணீர்த் தொட்டி செய்யப்போகிறவருக்கு அது சரி. ஒரே ஒரு இறக்கைக்கு அச்சு செய்வது வீண் வேலை. ரூட்டான் அச்சையே தூக்கிவிட்டார். ஃபோமை இறக்கை வடிவில் வெட்டு, அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸி என்கிற, கலந்ததும் இறுகும் ரெசினில் ஒட்டு. ஃபோம் உள்ளேயே இருந்துவிடும். வரைபடத்தை விலைக்கு வாங்கிய யாரும் தம் கராஜிலேயே தொடங்கிவிட முடிந்தது.

வெட்டும் வேலையே தனி சுகம். ஃபோம் கட்டையின் இரு முனையிலும் இறக்கைக் குறுக்குவெட்டு வடிவில் ப்ளைவுட் தகடுகள். அவற்றின் ஓரத்தைத் தொட்டபடி சூடான நைக்ரோம் கம்பியை நகர்த்த வேண்டும். இறக்கை உடலோரம் அகலம், நுனியில் குறுகல் என்பதால் இரு பக்கமும் ஒரே வேகத்தில் போனால் கெட்டுவிடும். அதற்கு ரூட்டானின் வரைபடங்களில் எளிமையான வழி இருக்கிறது. இரண்டு தகட்டிலும் எண்கள் குறித்துவிட்டு, ஒருவர் எண்ணைச் சொல்லச் சொல்ல இருவரும் அந்தக் கோட்டை ஒரே நேரத்தில் கடக்க வேண்டும். மறுமுனையில் தம்பி. “பதினேழு… பதினேழரை… பதினெட்டு. அண்ணே, கம்பிய இழுக்காதீங்க, அதுவா உருக்கிட்டு வரட்டும்.” அவன் சொன்னது சரிதான். நடுவில் கம்பி எப்போதும் கொஞ்சம் பின்தங்கும். அதனால் முன்விளிம்பு வளைவில் இரண்டு எண்ணுக்கு ஒருமுறை நின்று, நடுப்பகுதி வந்து சேரக் காத்திருந்தோம்.

அடுத்து ரெசின். நம் ஊர் ஃபைபர் கடைகளில் சட்டென்று கிடைப்பது பாலியெஸ்டர் ரெசின், கூடவே அதை இறுகவைக்கும் கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும். தெர்மோகோல் வகை ஃபோமில் அதை ஊற்றினால் ஃபோம் கரைந்து குழியாகிவிடும். எபாக்ஸி ஃபோமை ஒன்றும் செய்யாது, விலைதான் கூட. துணியும் அப்படித்தான். அங்கே விற்கும் சாப்டு மேட், அதாவது துண்டு இழைகளாலான விரிப்பு, ரெசினைக் குடித்துத் தீர்த்துவிடும். நெசவுத் துணியே வேண்டும். கோடையில் இன்னொரு தொல்லை: கலந்த எபாக்ஸியைக் கப்பிலேயே விட்டால் தானாகச் சூடேறிப் புகையும். அதனால் விடியற்காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் வேலை.

முதலில் மைக்ரோ பலூன் என்கிற மெல்லிய கண்ணாடித் தூளை எபாக்ஸியில் குழைத்து ஃபோமின் சிறு குழிகளை அடைத்தேன். மேலே துணியை 45 டிகிரி சாய்த்துப் போட்டேன். அப்படிப் போட்டால்தான் இறக்கை முறுக்கிக்கொள்ளாது. வளைவைத் தாங்க, ஒரே திசை இழைப் பட்டை நீளவாக்கில். அப்புறம் ரப்பர் தகட்டால் இழுத்து இழுத்து மிச்ச ரெசினை வெளியே தள்ள வேண்டும். துணி நனைந்து கண்ணாடிபோலத் தெளிய வேண்டும், மேலே பளபளவென்று குளம் கட்டக் கூடாது. குளம் கட்டுகிற ரெசினால் எடைதான் கூடும், வலு கூடாது. லாங்-ஈஸீ வரைபடத்தில் இறக்கைக்குப் போகும் முன் ஒரு தட்டைத் துண்டு செய்து எடை போடச் சொல்வது இதற்குத்தான். புத்தகத் தாங்கி ஒன்று செய்யச் சொல்லும் பயிற்சியும் உண்டு. நானும் துண்டு செய்து, துணியின் எடையை ரெசின் தாண்டாமல் வந்த பிறகே இறக்கையில் கை வைத்தேன்.

உடலுக்குப் பதில் ஒரு மரச்சட்டத்தில் இரண்டு இறக்கையையும் கட்டி, மைதானத்தில் கையால் எறிந்து பார்த்தோம். கனார்டு, பின்னால் இருக்கும் பிரதான இறக்கையைவிடச் சற்றுக் கூடுதல் கோணத்தில் நிற்கிறது. வேகம் குறைந்தால் அதுதான் முதலில் ஸ்டால் ஆகும், அதாவது தூக்கும் விசையை இழக்கும். உடனே மூக்கு தாழும், வேகம் வரும், மறுபடி தூக்கும். பின்னிறக்கை ஸ்டாலுக்குப் போகாமலே தப்பிக்கிறது. வேண்டுமென்றே மூக்கைத் தூக்கி மெதுவாக எறிந்தால், தலையாட்டிக்கொண்டே மைதானக் கோடிவரை போய் இறங்குகிறது. ஈர்ப்பு மையத்தைப் பின்னால் தள்ளினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். பிரதான இறக்கையே ஸ்டால் ஆகிவிட்டால் மீட்பது கடினம். அதனால் எடையை முன்னால் வைத்தே எறிகிறேன்.

அசல் விமானத்தின் முதல் கனார்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. மழை பட்டால் தூக்கும் விசை குறைந்து மூக்கு தாழப் பார்க்கும். பின்னாளில் ஜான் ரான்ஸ் வடிவமைத்த வேறு குறுக்குவெட்டு அதைச் சரிசெய்தது. என் மாடலில் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாமே என்று தம்பி கேட்டான். இந்தச் சின்ன அளவிலும் வேகத்திலும் காற்று நடந்துகொள்வதே வேறு, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இனி உடல், இறக்கை நுனிகளில் நிமிர்ந்து நிற்கும் சிறகுகள், அவற்றில் வெளிப்பக்கம் மட்டும் திரும்பும் ரட்டர்கள் என்கிற திசைமாற்றும் பலகைகள். மோட்டார் பின்னால் வருவதால் பேட்டரி மூக்கு நுனியில்தான் இருக்க வேண்டும். அசலிலும் விமானி இறங்கிவிட்டால் பின்பாரம் கூடிவிடும். அதனால்தான் முன்சக்கரத்தை மடக்கி, மூக்கைத் தரையில் ஊன்றி நிறுத்துவார்கள். முன்சக்கரம் மடங்கும் அந்த ஏற்பாட்டை மாடலிலும் வைக்க ஆசை. முதலில் எடை எவ்வளவு கூடுகிறது என்று தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.