ரிக்விர் முதல் ரிபோவிலே வரை: திராட்சைத் தோட்டங்களுக்குள் ஒரு பகல் நடை

பிரான்ஸில் கொஞ்சம் நடக்க ஆசை, ஆனால் மலையேறிப் பழக்கமில்லை, கூட அம்மா அப்பாவும் வருகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் வழி இது. அல்சாஸ் பகுதியில், வோஜ் மலையடிவாரத்தில் ரிக்விர், யூனாவிர், ரிபோவிலே என்று மூன்று பழைய ஊர்கள். நடுவில் திராட்சைத் தோட்டங்கள். மொத்தமே ஐந்தாறு கிலோமீட்டர்தான். நிற்காமல் நடந்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனாலும் ஒரு பகல் முழுவதையும் இதற்கு ஒதுக்குங்கள்.

பெரும்பாலானவர்கள் காரில் வந்து, பெரிய தெருவில் ஒரு நடை போய், படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி அழகான தெருக்களாகத்தான் மனதில் நிற்கும். நடந்து போனால்தான் ஊர் எதற்காக அந்த இடத்தில் அமைந்தது, மதில் எதைக் காத்தது, சரிவு எப்படி ஊருக்குச் சோறு போட்டது என்பதெல்லாம் புரிகிறது.

எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்பது முக்கியம். ரிக்விரில் தொடங்குங்கள். பதினொரு மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேர்ந்துவிடும்; அதன்பின் நடுத்தெருவில் தோளோடு தோள் உரசித்தான் போக வேண்டும். ஒன்பது மணிக்கு அங்கே இருந்தால் தெரு உங்களுடையது. இன்னொரு காரணமும் உண்டு. வடக்கு நோக்கி நடப்பதால் வெயில் முகத்தில் அடிக்காது; ரிபோவிலேக்கு மேலே இருக்கும் கோட்டைகளும் எதிரே தெரியும். முடியும் ஊரும் பெரியது என்பதால் சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம்.

பக்கத்து நகரம் கொல்மார். ஸ்ட்ராஸ்பர்கிலிருந்து அங்கே ரயிலில் சுமார் அரை மணி நேரம். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். கொல்மாரிலிருந்து ரிக்விருக்கு வட்டாரப் பேருந்து. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பேருந்துகள் குறைவு, ஞாயிறு, அரசு விடுமுறை, பள்ளி விடுமுறை நாட்களில் நேரம் மாறும், சில நாள் ஓடாமலும் இருக்கும். போகும் பேருந்தைவிடத் திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை முதலில் பாருங்கள். கை காட்டினால் நிற்கும் டாக்சி அங்கே கிடையாது, முன்பதிவு செய்தால்தான் வரும்.

ரிக்விரில் டோல்டர் கோபுரத்தின் இரண்டு முகங்களையும் பாருங்கள். 1291இல் கட்டியது, 25 மீட்டர் உயரம். ஊர்ப் பக்கம் மரச்சட்டமும் சன்னல்களுமாக வீடு மாதிரி இருக்கும். வாசலைத் தாண்டி வெளியே போய்த் திரும்பிப் பார்த்தால் வெறும் கல், முரட்டுக் காவல் கோபுரம். உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு முகம், வெளியே இருந்து வந்தவனுக்கு இன்னொரு முகம். தெருவில் வாசல் நிலைகளுக்கு மேலேயும் கவனியுங்கள்: 1500களின், 1600களின் ஆண்டுகளும், வீட்டுக்காரர் தொழிலைச் சொல்லும் சின்னங்களும் செதுக்கியிருக்கும்.

ஊரைவிட்டு வெளியே வந்ததும் ஷோனன்பூர் சரிவு. தெற்கு பார்த்த, செங்குத்தான தோட்டம். ரீஸ்லிங் திராட்சைக்குப் பெயர் பெற்றது. இந்த நடையில் கொஞ்சம் மூச்சு வாங்கும் ஏற்றம் இதுதான், மெதுவாகப் போனால் போதும். ஒன்று சொல்ல வேண்டும்: தோட்டப் பாதைகளில் பாதிக்கு மேல் டிராக்டருக்காகப் போட்ட கான்கிரீட்டும் தாரும். கனமான மலையேற்ற பூட்ஸ் போட்டு வந்தால் மதியத்துக்குள் பாதம் எரியும். அடிப்பகுதி மெத்தென்று இருக்கும் நடைக் காலணியே நல்லது. நிழல் சுத்தமாகக் கிடையாது. மேற்கில் வோஜ் மலை மழையைத் தடுத்துவிடுவதால் கொல்மார் வட்டாரம் பிரான்ஸிலேயே வறண்ட இடங்களில் ஒன்று. தலைக்குத் தொப்பி, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். ஊர் நீரூற்றில் 'நோன் பொத்தாப்ல்' (குடிக்க உகந்ததல்ல) என்று எழுதியிருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

வழிக்குறிகளை வோஜ் சங்கம் என்ற நடைப்பயணிகள் சங்கம் பராமரிக்கிறது. 1872இல் தொடங்கிய சங்கம். செவ்வகம், சிலுவை, வட்டம், முக்கோணம் என்று வடிவங்கள். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நிறங்கள். நிறம் மட்டும் பார்த்துப் போனால் தவறும். நீலச் சிலுவையும் நீல வட்டமும் வேறு வேறு வழிகள். பிரிவில் இருக்கும் பலகையில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் நடை நேரம் போட்டிருக்கும். பத்து நிமிடம் நடந்தும் குறி கண்ணில் படவில்லையென்றால், கடைசியாகப் பார்த்த இடத்துக்கே திரும்புங்கள். கொடிகளுக்கு நடுவே குறுக்கு வழி தேடாதீர்கள். அது ஒருவருடைய நிலம். அறுவடைக் காலத்தில் சில ஊர்கள் தோட்டங்களுக்குள் நுழையவே தடை போடும். பழத்தில் கை வைக்கவே கூடாது.

மேட்டைத் தாண்டியதும் யூனாவிர் தேவாலயம் கண்ணில் படும். எனக்கு இந்த நடையின் உச்சம் இந்த இடம்தான். ஊருக்கு வெளியே கொடிகளுக்கு நடுவில் தனியாக நிற்கிறது. கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி அறுகோண மதில், மூலைகளில் அரைவட்டக் கொத்தளங்கள். சண்டை வந்தால் ஊர் மக்கள் உள்ளே ஓடிவந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இப்படிக் கட்டினார்கள். 1687 முதல் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்ட்களும் ஒரே கூரையின் கீழ் முறை வைத்து வழிபடுகிறார்கள். மதிலோரமாக ஒரு சுற்று வாருங்கள், பிறகு கீழே ஊருக்குள் இறங்கி உட்காருங்கள்.

செங்கால் நாரைகளும் இங்கே உண்டு. 1970களின் நடுவில் அல்சாஸ் முழுவதிலும் பத்து ஜோடிக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருந்தன. 1976இல் யூனாவிரில் ஒரு மறுவாழ்வு மையம் தொடங்கினார்கள். வலசை போன பறவைகள் வழியில் செத்ததுதான் பெரிய இழப்பு என்பதால், குஞ்சுகளைச் சில ஆண்டுகள் கூண்டில் வைத்து வலசை எண்ணத்தையே மறக்கடித்தார்கள். இன்று கூரைகளில் கூடு கட்டி நிற்பவற்றில் சில குளிர்காலத்திலும் கிளம்பாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள். அதற்குப் பிறகு சமையலறையை மூடிவிடுவார்கள். காலையிலேயே ரொட்டிக் கடையில் பிரெட்செலும், கொஞ்சம் மன்ஸ்டர் சீஸும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் கவலை இல்லை. சைவக்காரர்கள் கவனிக்க: இந்த ஊரின் பெயர்போன மெல்லிய ரொட்டியான தார்த் ஃப்ளாம்பேயில் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். 'சான் லார்தோன்' என்று கேட்டால் அது இல்லாமல் செய்து தருவார்கள். கூகல்ஹோஃப் என்ற கேக் மாதிரியான ரொட்டியின் உப்பு வகையிலும் அதே கதை; இனிப்பு வகை வாங்குங்கள்.

யூனாவிரிலிருந்து ரிபோவிலே வரை பாதை இதமாக ஏறி இறங்கும், முக்கால் மணி நேரம் ஆகும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் காலில் தெம்பு இருந்தால் செயின்ட் உல்ரிக் கோட்டைக்கு ஏறலாம்: காட்டுக்குள் சுமார் ஒரு மணி நேரம், கிட்டத்தட்ட 300 மீட்டர் ஏற்றம். பெரியவர்களைக் கீழே காபிக் கடையில் உட்காரவைத்துவிட்டுப் போவதே நல்லது. மழை பெய்திருந்தால் இறங்கும்போது வேர்களும் கற்களும் வழுக்கும். அல்சாஸ் காடுகளில் உண்ணி அதிகம், அதனால் முழுக்கால் சட்டை போடுங்கள். இரவு முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் தடவ வேண்டாம், நெருப்பு வைக்க வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் சிறு கொக்கியால் சுழற்றி எடுங்கள். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால் உடனே மருத்துவரிடம் போங்கள், உண்ணி கடித்ததையும் சொல்லுங்கள்.