முழங்கால் ஆழத் தண்ணீரை நம்பிய நாடு

நேற்றிரவு நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் அக்கா வீட்டுக்குத் திரும்பியபோது மணி பத்து. தொடை இன்னும் வலிக்கிறது. எந்த ரயில், எவ்வளவு செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த பங்கரைப் பற்றிச் சொல்லாமல் கை நகரவில்லை.

பங்கர் 599. குலெம்போர்க் ஊருக்கு வெளியே, ஏ2 நெடுஞ்சாலைப் பக்கம், டீஃப்டைக் என்னும் நீண்ட கரையை ஒட்டி நிற்கிறது. போர்வீரர்கள் பதுங்குவதற்காக 1940-ல் கட்டிய கான்கிரீட் அறை அது. அதை நட்டநடுவே ரம்பத்தால் அறுத்து, ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு வழி விட்டிருக்கிறார்கள். படியிறங்கி உள்ளே போனால் இரண்டு பக்கமும் தடித்த சுவர், தலைக்கு மேல் கீற்றாக வானம், எதிரே தண்ணீர். மரப்பலகைப் பாதை தண்ணீருக்குள்ளேயே போய் முடிகிறது. அறுபட்ட சுவரைத் தடவிப் பார்த்தேன். ஜல்லியெல்லாம் வெட்டுப்பட்டு மொசைக் தரை மாதிரி வழவழவென்று இருந்தது. கட்டணம் ஒரு காசு கிடையாது. அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்தப் பாதை ஏன் தண்ணீரில் முடிகிறது என்பதில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. ஊரே தாழ்ந்த நிலம். எதிரி வந்தால் மதகைத் திறந்து வயல்களில் தண்ணீரை விட்டுவிடுவார்கள். முழங்கால் அளவு, மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். பீரங்கி வண்டியை இழுத்துக்கொண்டு நடக்க முடியாது, படகு விடவும் ஆழம் போதாது. வாய்க்கால் எங்கே, வரப்பு எங்கே என்று தெரியாமல் அடுத்த அடியில் ஆள் முழுகிப் போகலாம். சாலையோ கரையோ தண்ணீருக்கு மேலே தலைகாட்டும் இடங்களில் மட்டும் கோட்டை கட்டினால் போதும். 1672-ல் பதினான்காம் லூயியின் படை இப்படித்தான் ஹாலந்து எல்லையில் முடங்கியது. 1795 குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்தது, பிரெஞ்சுக்காரர்கள் பனிக்கட்டி மேலேயே நடந்து வந்துவிட்டார்கள். அப்படியும் விடாமல் 1815-லிருந்து சுமார் 85 கிலோமீட்டர் நீளத்துக்கு, மதகும் கோட்டையுமாகப் புதிய தற்காப்பு வரிசையைக் கட்டினார்கள். 1940 மே மாதம் ஜெர்மன் விமானங்கள் அதன் மேலே பறந்து போய்விட்டன. 2021-ல் இந்த வரிசைக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது.

இப்போது சைக்கிள் விஷயம். பங்கருக்குப் போக வாடகை சைக்கிள் எடுத்தேன். கடையில் அரை நாள் வாடகை என்று தெளிவாகக் கேட்டுக்கொண்டுதான் எடுத்தேன். மூன்று மணிக்குத் திருப்பிக் கொடுத்தால், அரை நாள் என்பது மதியம் ஒன்றோடு முடிந்துவிடுமாம், முழு நாள் காசு கொடு என்கிறார். அதை எடுக்கும்போதே சொல்ல வேண்டாமா? வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை. நீங்கள் போனால் திருப்பித் தர வேண்டிய நேரத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கரை மேல் எதிர்க்காற்று அடித்தால் மிதிக்கவே முடியாது, அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

பங்கருக்கு முந்தின நாள் நார்டென், இதே வரிசையில் இருக்கும் கோட்டை ஊர். "ஆம்ஸ்டர்டாமை விட்டுட்டு அகழியைப் பாக்கப் போறியேடி" என்றாள் அக்கா. ஆம்ஸ்டர்டாமில் கூட்டத்தில் இடிபட்டு படகுச் சவாரிக்குக் காசு அழுவதைவிட இது பத்து மடங்கு மேல் என்று அவளிடமே சொல்லிவிட்டேன். நார்டென்-புஸ்ஸும் ஸ்டேஷனில் இறங்கி அரை மணி நடை. பஸ் காசு மிச்சம். ஆறு கொத்தளங்கள், சுற்றிலும் இரட்டை அகழி, நட்சத்திர வடிவ ஊர். யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூர்முனைகள் சட்டென்று பிடிபடும். அதை ஐங்கோணமாகக் கட்டியதும் இதே டச்சுக்காரர்கள்தான். புல் மூடிய மதில் மேல் இலவசமாகவே சுற்றி வரலாம். 1572-ல் ஸ்பானியப் படை இந்த ஊர் மக்களைக் கொன்று குவித்தது. அதைப் படித்துவிட்டு அந்த அமைதியான தெருக்களில் நடந்தபோது மனசு கனத்துப் போனது.

மதிய உணவு பன்னன்கூக். தட்டை மீறித் தொங்கும் மைதா தோசை, உள்ளே சீஸும் இஞ்சித் துண்டுகளும், மேலே கெட்டியான சர்க்கரைப் பாகு. இஞ்சியின் காரமும் பாகின் இனிப்பும் அந்தக் குளிருக்கு அப்படிப் பொருந்தின. 14 யூரோ. ரூபாய்க்கு மாற்றிப் பார்த்து வயிறு எரிந்தாலும், சாப்பிட்ட ஒவ்வொரு வாயும் அதற்குத் தகும். இரவுச் சாப்பாட்டையே விட்டுவிட்டேன்.

இதே வரிசையில் இருக்கும் லூவெஸ்டைன் கோட்டைதான் பாக்கி. ஹ்யூகோ க்ரோஷியஸ் என்ற சட்ட அறிஞரை அங்கே ஆயுள் கைதியாக வைத்திருந்தார்கள். 1621-ல் அவர் மனைவி மரியா, புத்தகப் பெட்டிக்குள் அவரை ஒளித்து வெளியே அனுப்பிவிட்டாள். அந்தப் பெட்டி வந்து இறங்கிய ஹோர்கும் ஊர் வரை முதல் நாளே போனேன். பஸ் நாற்பது நிமிடம் தாமதம். நான் துறைக்கு ஓடி வந்தபோது கோட்டைக்குப் போகும் படகு ஆற்றின் நடுவில் இருந்தது. புதன்கிழமை மறுபடி போகிறேன், இந்த முறை ரயிலில். அக்கா புளிசாதம் கட்டித் தருகிறேன் என்றிருக்கிறாள்.