தோடர் வம்சாவளியில் தந்தை என்னும் பத்தி

நீலகிரித் தோடர் பழங்குடியினரின் உறவுமுறையை, ஆட்களைப் புள்ளிகளாகவும் உறவுகளைக் கோடுகளாகவும் வரைந்து ஆராயும் வலையமைப்புப் பகுப்பாய்வுக்கு உட்படுத்த முனைந்தபோது, 1871 முதலான குடிமதிப்பு அறிக்கைகளே போதும் என்று எண்ணியிருந்தேன். அச்சில் கிடைத்தவையோ ஆண் இத்தனை, பெண் இத்தனை என்ற கூட்டுத்தொகைகள்தாம்; 1901-இல் சுமார் 800 பேர் என்பதை வைத்துக்கொண்டு யாரை யாரோடு இணைப்பது? ஆகவே, ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1901–02-இல் நேரில் கேட்டெழுதி, 1906-இல் வெளியிட்ட நூலில் சேர்த்திருந்த 72 வம்சாவளி அட்டவணைகளை எடுத்துக்கொண்டேன். இறந்த உறவினரின் பெயரை உச்சரிப்பது தோடர் வழக்கத்தில் விலக்கு என்பதால், ஒரு குடும்பத்தின் விவரத்தை அவர் பிற குடும்பத்தாரிடம் கேட்க வேண்டியிருந்தது.

ஆளுக்கொரு கணு, உறவுக்கொரு இணைப்பு என்று விரிதாளில் ஏற்றி முதன்முதலில் வரைந்தபோது, ஒவ்வொரு குலமும் தனித் தீவாக நின்றது. அரைநாள் அதைக் கண்டுபிடிப்பென்றே நம்பினேன். குலத்துக்குள் மணமே கிடையாது, ஆகவே மண உறவுகள் குலங்களை இணைத்தே தீர வேண்டும் என்பது நினைவுக்கு வந்ததும் வெட்கமாகிவிட்டது. பிறந்த குலத்தின் அட்டவணையிலும் புகுந்த குலத்தின் அட்டவணையிலும் வரும் ஒரே பெண்ணை நான் இருவராகப் பதிந்திருந்தேன். எருமைகளை ஈடாகக் கொடுத்து மனைவியை வேறொருவர் பெற்றுக்கொள்ளும் வழக்கமும் இருந்ததால், சிலரை இன்னும் பல இடங்களில் தேட வேண்டியதாயிற்று. பெயர், தந்தை, குலம் மூன்றையும் ஒப்பிட்டு, கையாலேயே ஒன்றுசேர்த்தேன். மூன்று வாரம் பிடித்தது.

விரிதாளில் ‘தந்தை’ என்ற பத்திதான் (நெடுவரிசை) என்னை உண்மையில் திணறடித்தது. சகோதரர்கள் பலர் ஒரே பெண்ணை மணந்திருந்த சமூகத்தில், மனைவி ஏழாம் மாதக் கர்ப்பமாக இருக்கையில் வில்லும் அம்பும் கொடுத்தவரே தந்தையாகக் கருதப்பட்டார். வேறொருவர் வில் கொடுக்கும்வரை, முதலில் கொடுத்தவர் இறந்துபோயிருந்தாலும், அடுத்துப் பிறந்த பிள்ளைகளும் அவருடையவர்களாகவே கருதப்பட்டனர். மென்பொருளோ ஒரு பிள்ளைக்கு ஒரு தந்தை என்று மட்டும் கேட்டு, மற்றக் கணவர்களைத் தொடர்பற்றவர்களாக்கியது. பத்தியின் தலைப்பை ‘வில் கொடுத்தவர்’ என்று மாற்றி, உடன்கணவர்களுக்குத் தனி இணைப்பு வகை வைத்த பிறகே படம் ஓரளவு பொருள்பட்டது.

மூத்த தலைமுறைகளில் பெண் கணுக்கள் குறைவாகவே இருந்தன. பெண்சிசுக் கொலையால் இல்லாமற்போனவர்களையும் சொன்னவர்கள் மறந்துவிட்டவர்களையும் பிரித்தறிய அட்டவணையில் வழியில்லை. எனவே உறவு வலையில் யார் எவ்வளவு மையமாக இருக்கிறார் என்று அளக்கும் மையத்தன்மைக் கணக்கைக் கடைசி இரு தலைமுறைகளோடு நிறுத்திக்கொண்டேன்.