லிப்எஃப்எஃப்ஐ-யை அழித்த அன்று

எங்கள் தெருவில் நாலு மணி நேரம் கரண்ட் இருக்கும், நாலு மணி நேரம் இருக்காது. இந்த லட்சணத்தில்தான், பேட்டரி செத்த ஒரு லேப்டாப்பில், மூலநிரலிலிருந்து லினக்ஸ் கட்ட உட்கார்ந்தேன். ரங்கூனில் வேறு வேலையே கிடைக்கவில்லையா என்று அம்மா கேட்டாள். ஜிசிசி என்ற கம்பைலர் பாதியில் ஓடும்போது கரண்ட் போனால், வந்ததும், கட்டும் வேலையை நடத்தும் மேக் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் ஃபைல் (கம்பைலான துண்டு) சில சமயம் காலியாகக் கிடக்கும். மேக் தேதியைத்தான் பார்க்கும், வயிற்றைப் பார்க்காது. துண்டுகளைச் சேர்த்து லிங்க் ஆகும்போது உதைக்கும்.

லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச் கையேட்டில் அடித்தளம் வரைக்கும் கவலையில்லை. எதற்குப் பிறகு எது என்று வரிசை கொடுத்திருக்கிறார்கள். ஜிசிசிக்கு வேண்டிய ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற மூன்று கணக்கு நூலகங்களையும் அதன் சோர்ஸுக்குள்ளேயே அவிழ்த்துப் போடச் சொல்வார்கள். திரையில் எழுத்து வர வேண்டும் என்று ஆசைப்பட்டபோதுதான் சுற்றல் தொடங்கியது. எழுத்துகளை அடுக்கும் ஹார்ஃப்பஸ்ஸுக்கு எழுத்துருவை வரையும் ஃப்ரீடைப் வேண்டும், ஃப்ரீடைப்புக்கு ஹார்ஃப்பஸ் இருந்தால் நல்லது. அதனால் ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ், மறுபடியும் ஃப்ரீடைப். தமிழ் எழுத்தில் கொம்பும் காலும் சரியான இடத்தில் உட்கார ஹார்ஃப்பஸ் வேண்டும், விடவும் முடியாது.

எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. புத்தி போனது எனக்கு. ஒரு மொழியில் எழுதிய நிரல் வேறு மொழியில் எழுதியதைக் கூப்பிட உதவும் லிப்எஃப்எஃப்ஐ நூலகத்தை 3.3-இலிருந்து 3.4 ஆக்கினேன். நூலகக் கோப்பின் பெயர்க் கடைசியில் 7 இருந்தது 8 ஆனது. பழையது எதற்கு என்று 7-ஐ அழித்தேன். அடுத்த நிமிடம் டெஸ்க்டாப் திறக்கவில்லை, பைத்தானில் சி நூலகங்களைக் கூப்பிடும் சிடைப்ஸ் செத்தது. 8-க்கு 7 என்று ஒரு சிம்லிங்க் (வேறு பெயரில் சுட்டி) போட்டு ஏமாற்றலாமா என்று கை பரபரத்தது. போடவில்லை. அந்த எண்ணை மாற்றுவதே உள்ளே, கம்பைலான நிரல்கள் நூலகத்தோடு பேசும் பைனரி ஒப்பந்தம் மாறிவிட்டது என்று சொல்லத்தான்.

அனவ்ரதா சாலைக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு மளிகைக் கடை. அன்று ராத்திரி மெழுகுவர்த்தியில் பேரேடு எழுதிக்கொண்டிருந்தவர் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "பாக்கி யார் யாருக்குன்னு பாக்காம பக்கத்தைக் கிழிச்சிட்டியா?" என்றார். அவ்வளவுதான், தலையைக் குனிந்துகொண்டார்.

கரண்ட் வந்ததும் 3.3-இன் மூலநிரல் டார்பாலைத் தேடி எடுத்தேன். நல்லவேளை, அதைக் கட்ட கம்பைலர் போதும். 7-ஐ மட்டும் 8-க்குப் பக்கத்தில் வைத்தேன், உயிர் வந்தது. பிறகு யார் அதைப் பிடித்துத் தொங்குகிறார்கள் என்று எல்டிடி என்ற கருவியில் பார்த்தால் அறுபதுக்கு மேல் வந்தது. பயந்துவிட்டேன். எல்டிடி உறவுக்காரனின் உறவுக்காரனையும் சேர்த்து எண்ணும். ரீட்எல்ஃப் கருவி கொண்டு ஒவ்வொரு கோப்பிலும், நேரடியாக எது வேண்டும் என்று சொல்லும் நீடட் வரியை மட்டும் பார்த்ததில் நேரடிக் கடன்காரர்கள் ஐந்தே பேர்: பைத்தான், ஜிலிப், ஜிஆப்ஜெக்ட் இன்ட்ராஸ்பெக்ஷன், பி11-கிட், வேலண்ட். மற்றவற்றைக் கட்டும் மீசான் ஓட பைத்தான் வேண்டும் என்பதால் அதை முதலில் கட்டினேன். மற்றவை இரண்டு கரண்டில் முடிந்தன. அப்புறம்தான் 7-ஐ அழித்தேன்.

அப்பாவிடம் பாதி எழுதாத பழைய பேரேடு ஒன்று வாங்கியிருக்கிறேன். நூலகத்துக்கு ஒரு பக்கம், கீழே அதை நம்பியிருப்பவர்கள். மறையாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. அதை இன்னும் தொடவில்லை.