அழுக்குப் பச்சை

கண்டாங்கிச் சேலையின் அரக்கும் மாம்பழ மஞ்சளும் பார்த்து வளர்ந்தவன் நான். இப்போது காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு தேடுவதோ கண்மாய்ப் பாசியின் நிறம். சேவல் இறகிலும் முயல் ரோமத்திலும் அந்த நிறத்தை ஏற்றி, சின்னத் தூண்டில் முள்ளில் நூலால் சுற்றிக் கட்டினால் அது ஒரு ஃப்ளை. நீர்ப்பூச்சி என்று ஏமாந்து ஜிலேபிக் கெண்டை கவ்வ வேண்டும். சாயமேற்றிய இறகு ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கியும் பார்த்தேன், பச்சை என்றால் கிளிப்பச்சை. நம் கண்மாயில் அப்படி எந்தப் பூச்சியும் கிடையாது.

பருத்தியை மனத்தில் வைத்துக்கொண்டு இறகைக் கையாண்டதுதான் நான் செய்த முதல் தப்பு. இறகும் ரோமமும் நம் நகம் மாதிரி கெரட்டின் என்னும் புரதம். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் அதைத் தின்றுவிடும், கொதிநீரும் ஆகாது. இது புரியாத நாளில் ஆரத்தித் தட்டைப் பார்த்து ஒரு யோசனை வந்தது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ரத்தச் சிவப்பு வருகிறதே, அதில் இறகை முக்கினால் என்ன? முக்கினேன். அற்புதமான சிவப்பு. கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் விட்டேன், கண்ணெதிரிலேயே மஞ்சளுக்குத் திரும்பிவிட்டது. அந்தச் சிவப்பு சுண்ணாம்பு இருக்கும்வரைதான். மிஞ்சிய வெறும் மஞ்சளும் வெயிலில் நாலு நாள் தாங்கவில்லை.

அப்புறம்தான் வெங்காயத் தோலுக்கு வந்தேன். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் ஓர் எனாமல் சட்டி வாங்கினேன். இரும்பு, பித்தளைப் பாத்திரமென்றால் அதுவே நிறத்தை மாற்றிவிடும். பிராய்லர் கோழியின் கழுத்து இறகு குட்டை, கொழகொழவென்றிருக்கும். முற்றிய வெள்ளைச் சேவலின் இறகுதான் எனக்கு வேண்டும். 20 கிராம் இறகைப் பாத்திரம் கழுவும் சோப்பில் இரண்டு தடவை அலசுவேன். எண்ணெய்ப் பசை போகாவிட்டால் சாயம் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். 3 கிராம் படிகாரம் கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவைப்பேன். மறுநாள் 40 கிராம் சின்ன வெங்காயத் தோலைக் கொதிக்கவிட்டு வடிகட்டி, சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியபின் இறகைப் போடுவேன். ஒரு மணி நேரத்தில் செம்பொன் நிறம் வந்துவிடும்.

அழகான நிறம்தான், ஆனால் எனக்கு வேண்டியது அதுவல்ல. நாட்டு மருந்துக் கடை அன்னபேதியை ஒரு சிட்டிகை தனியாகக் கரைத்து ஊற்றினால், அதிலிருக்கும் இரும்பு பொன்னைக் கறுப்பித்துப் பாசிப்பச்சையாக்கும். கை தாராளமானால் இறகு மொறுமொறுவென்று உடையும். 1496-ல் இங்கிலாந்தில் அச்சான ஒரு மீன்பிடிப் புத்தகத்திலும், அன்று தூண்டில் நரம்பாக இருந்த குதிரைமுடிக்குச் சாயமேற்றப் படிகாரமும் அக்ரூட் இலையும் சொல்லியிருக்கிறது. நான் என்னவோ புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்திருந்தேன்!

நனைந்த இறகைப் பார்த்துப் பதற வேண்டாம். செத்த எலி மாதிரி இருக்கும். காய்ந்ததும் இட்லிப் பானை ஆவியில் காட்டினால் இழை இழையாக எழுந்துகொள்ளும். முயல் தோலுக்கு மட்டும் சூடே கூடாது. ஒருமுறை வெந்நீர்ச் சாயத்தில் போட்டேன், பொரித்த அப்பளமாய்ச் சுருண்டது. இப்போது ரோமத்தை வெட்டியெடுத்த பிறகுதான் சாயம்.

மயிற்பீலிக்குச் சாயமே தேவையில்லை, உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கிக்கொள்வேன். சாம்பல் காட்டுக்கோழி இறகை மட்டும் யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் காக்கும் பறவை அது.

போன வாரம் வளவில் காயப்போட்டிருந்ததை அப்பத்தா குனிந்து பார்த்தாள்.

"ஏன்டா, இம்புட்டு வெங்காயத் தோலையும் வேகவச்சு, கடைசியில சாக்கடைத் தண்ணி கலரையா எடுத்திருக்க?"

"அதேதான் அப்பத்தா!"

தலையில் அடித்துக்கொண்டு போனாள். ஆனாலும் அன்றிலிருந்து உரித்த வெங்காயத்தின் தோல் ஒரு பிஸ்கட் டின்னில் எனக்காகச் சேருகிறது. கூடவே பூண்டுத் தோலும் வந்துவிடுகிறது. அதைப் பொறுக்கிப் போடுவதுதான் ஞாயிற்றுக்கிழமை வேலை.