ஆறு ஷில்லிங், ஐந்து பவுண்டு, ஒரு தட்டு கறி

லீ என்கிற ஊருக்கு ரயில் கிடையாது. மான்செஸ்டரிலிருந்து கொஞ்ச தூரம்தான், ஊரும் சின்னதல்ல, ஆனால் ஸ்டேஷன் இல்லை. இருந்த பாதையை 1969-இல் மூடிவிட்டார்கள். 2016-இல் அதே பழைய ரயில் தடத்தில் கான்கிரீட் பாதை போட்டு பஸ் விட்டார்கள். அந்தப் பாதைக்குள் ஏறியதும், பஸ்ஸின் பக்கவாட்டில் இருக்கிற குட்டிச் சக்கரங்கள் இரண்டு பக்கத் திண்டையும் உரசிப் பிடித்துக்கொள்கின்றன. அப்புறம் ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டிய வேலையே இல்லை. மாடியில் முன் சீட்டில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் புதர் ஓடுவதைப் பார்த்தால், ரயிலில் போகிறோமா பஸ்ஸில் போகிறோமா என்று குழப்பமாக இருக்கும்.

என் பக்கத்தில் பெரியவர். சால்ஃபோர்டில் அக்கா வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. பிறந்து வளர்ந்தது லீ. மூன்று மாதம் தங்கலாம் என்று நான் அங்கே போய் இறங்கிய இரண்டாம் நாளே வேலிக்கு மேல் தலையை நீட்டி, "என்ன காக், எங்கிருந்து வர்றே?" என்று கேட்டவர். காக் என்றால் சேவல். லங்காஷையர் பக்கம் ஆண் பெண் பார்க்காமல் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் கோவைப் பக்கத்து "கண்ணு" மாதிரி என்று வைத்துக்கொண்டேன், சரியாகப் பொருந்திவிட்டது.

கோவை என்றதும் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "தென்னிந்தியாவின் மான்செஸ்டர்" என்று சொன்னதும் சிரித்தார். "அப்ப உங்க ஊர்லயும் மில்லெல்லாம் மூடியாச்சா?" பாதி மூடியாச்சு என்றேன். அன்றைக்கே சிநேகமாகிவிட்டோம். ஒரு சனிக்கிழமை ரக்பி லீக் பார்க்கக் கூட்டிப் போவதாகச் சொன்னார். பெரிய ஸ்டேடியத்துக்கு என்று நினைத்தேன். லீ லெப்பர்ட்ஸ் அணி 2023-இல் வெம்ப்ளியில் ஹல் கே.ஆர். அணியை 17–16 என்று வென்று சேலஞ்ச் கோப்பையை எடுத்திருந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு 1971-க்குப் பிறகு கிடைத்த முதல் சேலஞ்ச் கோப்பை அது. அதைப் பேசாத ஆளே இல்லை. ஆனால் பெரியவர் கையை வீசினார். "அது டிவியிலயே வரும். நான் கூட்டிப் போறது சம்பளம் வாங்காத பையன்க ஆடுற ஆட்டம்."

டில்டஸ்லி நிறுத்தத்தில் பஸ் நின்றபோது ஜன்னலைத் தட்டிக் காட்டினார். "இதுவும் இருபத்திரண்டுல ஒண்ணு."

இருபத்திரண்டு என்ன கணக்கு என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. அவர் நச்சரிப்பு தாங்காமல் முந்தின வாரம்தான் ஹடர்ஸ்ஃபீல்டு போய்விட்டு வந்திருந்தேன். மான்செஸ்டரிலிருந்து பெனைன் மலைக்கு அடியில் ஐந்து கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்றைக் கடந்து ரயில் யார்க்ஷயருக்குள் நுழைகிறது. ஸ்டேஷன் முகப்பு கல்தூண்களோடு கோயில் மண்டபம் போல இருக்கிறது. எதிரே, அந்த ஊரில் பிறந்து பிரதமரான ஹெரால்டு வில்சன் எங்கேயோ அவசரமாக நடந்து போவது போல ஒரு சிலை. பக்கத்திலேயே ஜார்ஜ் ஹோட்டல். 2013-இல் மூடிவிட்டார்கள், நான் போனபோது மராமத்து நடந்துகொண்டிருந்தது. சாரத்தைப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பினேன். பார்க்க அவ்வளவுதான்.

ஆனால் 1895 ஆகஸ்ட் 29-ஆம் தேதி அந்தக் கட்டிடத்துக்குள் உட்கார்ந்துதான் வடக்கு இங்கிலாந்தின் ரக்பி கிளப்புகள் தனியே பிரிந்தன. விஷயம் ரொம்பச் சின்னது. சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்த்தவர்களுக்குச் சனிக்கிழமையும் வேலை நாள்தான். ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. போன கூலியைக் கிளப் ஈடுகட்டலாமா என்பதுதான் கேள்வி. கூடாது, விளையாட்டுக்குக் காசு வாங்குவது இழுக்கு என்றார்கள் லண்டனில் இருந்த கனவான்கள். கூலி வெட்டுவார்களே என்ற கவலை அவர்களுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சரி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று 22 கிளப்புகள் வெளியே வந்தன. லீ, விகன், ஹல், டில்டஸ்லி, மேனிங்ஹாம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் கொடுக்கலாம் என்று முடிவானது. முதல் வருஷமே சாம்பியனான மேனிங்ஹாம் 1903-இல் ரக்பியையே தலைமுழுகிவிட்டுக் கால்பந்துக்கு மாறியது. இன்றைய பிராட்ஃபோர்டு சிட்டி அதுதான். பெரியவருக்கு அந்தத் துரோகம் நேற்று நடந்தது போல.

பிரிந்து வந்தவர்கள் ஆட்டத்தையும் மாற்றினார்கள். ரக்பி லீக் என்பது அதுதான். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர் என்பதை 1906-இல் பதின்மூன்றாக்கினார்கள். விழுந்தவன் மேல் எல்லோரும் குவிந்து கிடப்பதற்குப் பதிலாக, பிடிபட்டவன் எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட வேண்டும் என்றார்கள். காசு கொடுத்துப் பார்க்க வருகிறவனுக்குப் பந்து கண்ணில் படவேண்டாமா?

அன்று போன மைதானம் எந்த கிளப்புடையது என்று எழுதப் போவதில்லை, காரணம் பின்னால் வரும். வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு புல்வெளி, சுற்றி இடுப்பளவு கம்பி, ஒரு ஓரத்தில் செங்கல் கட்டிடம், அதில் பார். கேலரி கிடையாது. நூறு பேர் இருப்பார்கள், நான்கைந்து நாய்கள். சாரலாக மழை. ஜூலையில்தான்.

"பரவாயில்ல, கொஞ்சம் சேறாகும்" என்று பெரியவர் சந்தோஷப்பட்டார். தேசிய அளவிலான நேஷனல் கான்ஃபரன்ஸ் லீக் 2012-இல் குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாறியதில் அவருக்கு இன்னும் மனத்தாங்கல் தீரவில்லை. கோடையில் பையன்கள் குடும்பத்தோடு ஸ்பெயினுக்குப் போய்விடுகிறார்கள், கல்யாண சீசன் வேறு, அணிக்கு ஆள் தேறுவதில்லை என்று வரும் வழியெல்லாம் புலம்பினார். அவர் சொன்னதை நிரூபிப்பது போல, வீட்டு அணிக்கு அன்று பதினைந்து பேர்தான் வந்திருந்தார்கள். கடைசியில், மகன் ஆடுவதைப் பார்க்க வந்திருந்த நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவரிடம் யாரோ ஒரு ஜெர்சியைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் ஜெர்சியை வாங்கிக்கொண்டார்.

நாங்கள் பார்த்தது அந்த கிளப்பின் இரண்டாம் அணி. இந்த கிளப்புகளில் பலவும் முதல் அணியைத் தேசிய லீக்கில் ஆடவிட்டு, இரண்டாம் அணியை வட்டார லீக்கில் ஆடவிடுகின்றன. லங்காஷையர் பக்கம் ஒரு லீக், யார்க்ஷயருக்கு ஒன்று, ஹல் சுற்றுவட்டாரத்துக்கு ஒன்று, மேற்கே கடலோரம் கம்பர்லாந்துக்கு ஒன்று. தேசிய லீக் என்றால் கிழக்குக் கடற்கரையில் இருக்கிற ஹல் பையன்கள் மேற்குக் கடற்கரையில் இருக்கிற வைட்ஹேவன் வரை பஸ்ஸில் போய் எண்பது நிமிஷம் அடிபட்டுவிட்டு ராத்திரி திரும்ப வேண்டும். திங்கட்கிழமை காலை வேலைக்கும் போக வேண்டும்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. இது கபடியேதான். பந்தை வைத்திருப்பவன் ஏறிப் போகிறான், எதிரே கைகோர்க்காத குறையாக வரிசைகட்டி நிற்கிறவர்கள் மடக்குகிறார்கள். கபடியில் பிடிபட்டால் அவுட். இங்கே எழுந்து பந்தைப் பின்னால் உருட்டிவிட்டு, அடுத்தவன் ஏறிப் போகிறான். ஆறு தடவை பிடிபடலாம், அதற்குள் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைக்க வேண்டும். வைத்தால் நான்கு புள்ளி, அதற்குமேல் உதைத்துக் கம்பத்துக்கு நடுவே விட்டால் இரண்டு. கோட்டைத் தொட்டானா இல்லையா என்று நடக்கிற சண்டையும் அப்படியே எங்கள் ஊர்ப் பொங்கல் கபடிதான். இங்கே நடுவர் பாவம், கல்லூரி வயதுப் பையன், தனி ஆள்.

டிவியில் கேட்காத ஒன்று இங்கே கேட்டது. கம்பிக்கு அருகில் இரண்டு பேர் ஓடிவந்து மோதினால், நெல் மூட்டையை லாரியிலிருந்து தரையில் போடும்போது வருமே, அந்த மாதிரி மொத்தென்று ஒரு சத்தம். உடனே மூச்சு வெளியேறும் சத்தம். அப்புறம் ஒரு விநாடி அமைதி. அடிபட்டவனின் அம்மா என் பக்கத்தில்தான் நின்றார். "எழுந்திரு, ஒண்ணும் ஆகல!" என்று கத்தினார். பையனின் புருவத்துக்கு மேல் கிழிந்து ரத்தம் இமையில் இறங்கியது. ஒருவர் வாளியோடு ஓடினார். துடைத்து, வாஸ்லினை விரலால் வழித்து அப்பி, வெள்ளை டேப்பைத் தலையைச் சுற்றித் தலைப்பாகை போலக் கட்டிவிட்டார். இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை. பையன் உள்ளே போய்விட்டான்.

பெயர் சொல்லாததற்குக் காரணம் இரண்டாம் பாதியில் வந்தது. பந்தைக் கைமாற்றி முடித்த பிறகு ஒருவனை இடித்தான் இன்னொருவன். இருபத்தாறு பேரும் ஒரு இடத்தில் கூடிவிட்டார்கள், பெஞ்சில் இருந்தவர்களும் போய்விட்டார்கள், நாய்களில் ஒன்றும் போனது. பெரியவர் கடிகாரத்தைப் பார்த்து, "இந்த வருஷம் தாமதம்தான்" என்றார். நடுவர் பையன் இரண்டு பேருக்கு மஞ்சள் அட்டை காட்டிப் பத்துப் பத்து நிமிஷம் வெளியே உட்காரவைத்தான். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தார்கள். 22–20 என்று முன்னால் இருந்த வீட்டு அணி, கடைசி நிமிஷத்தில் கோட்டை விட்டுத் தோற்றது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. சேறு கழுவாமலே பாருக்குள் வந்தவர்களிடம் ஒரு அம்மாள் நோட்டும் தகர டப்பாவுமாகச் சுற்றி வந்தார். ஆளுக்கு ஐந்து பவுண்டு. ஆடியதற்கு! ஜெர்சி துவைக்க, நடுவருக்குக் கொடுக்க, இன்ஷூரன்ஸுக்கு என்று ஆடுகிறவர்களே கட்டுகிறார்கள். தலைப்பாகைப் பையன், "அடுத்த வாரம் சேர்த்துத் தர்றேன்" என்றான். அவர் நோட்டைப் பிரித்து அவன் பக்கத்தைக் காட்டினார். எங்கள் தெரு மளிகைக் கடையின் கடன் நோட்டு போலவே மேலிருந்து கீழே தேதியும் தொகையும். அவன் வேலை எலக்ட்ரீஷியனுக்கு உதவியாள். கண் வீங்கினால் திங்கட்கிழமை ஏணி ஏற முடியாது, கூலி போகும். ஆறு ஷில்லிங் ஞாபகம் வந்தது. கூலி போகக் கூடாது என்று சண்டை போட்டுப் பிரிந்த ஆட்டத்தில், பையன் தன் கையிலிருந்து காசு கட்டிவிட்டுக் கூலியையும் இழக்கிறான். பெரியவரிடம் இதைச் சொன்னேன். "சம்பளம் கொடுத்த கிளப்ல நானும் ரெண்டு வருஷம் ஆடினேன் காக். இங்கதான் நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு பீர் வாங்கப் போய்விட்டார்.

1973-இல் ஹடர்ஸ்ஃபீல்டில் இந்த அமெச்சூர் கிளப்புகள் கூடித் தங்களுக்கென்று பார்லா என்ற தனிச் சங்கம் தொடங்கின. மேலே இருந்தவர்களுக்குச் சம்பள அணிகளே கண்ணில் பட்டன, கீழே கிளப்புகள் ஒவ்வொன்றாக அவிந்துகொண்டிருந்தன. அந்தச் சங்கம் இல்லாவிட்டால் இந்த பாரும் இருந்திருக்காது என்று கவுண்டரில் இருந்தவர் சொன்னார். சேலஞ்ச் கோப்பையில் இவர்களுக்கும் இடம் உண்டு. 1996-இல் வெஸ்ட் ஹல் என்ற அமெச்சூர் அணி இரண்டு சம்பள அணிகளை அடுத்தடுத்துத் தோற்கடித்த கதையை, ஹல்லுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத அவர் ஏதோ சொந்த அண்ணன் செய்தது போலச் சொன்னார்.

சுவரில் மற்ற கிளப்புகள் கொடுத்த கொடிகள். பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தேன். லீ மைனர்ஸ் ரேஞ்சர்ஸ். ஹல் டாக்கர்ஸ். செயின்ட் ஹெலன்ஸ் கண்ணாடித் தொழிற்சாலைப் பெயரில் பில்கிங்டன் ரெக்ஸ். வாரிங்டன் சோப்புத் தொழிற்சாலைப் பெயரில் கிராஸ்ஃபீல்ட்ஸ். லீயின் கடைசிச் சுரங்கங்கள் 1992-இல் மூடப்பட்டுவிட்டன. லங்காஷையர் முழுக்க இருந்த சுரங்கங்களில் ஆஸ்ட்லி கிரீனில் மட்டும் ஒரே ஒரு இரும்புக் கோபுரம், மேலே சக்கரத்தோடு, அருங்காட்சியகமாக நிற்கிறது. இன்று மைனர்ஸ் ஜெர்சி போடுகிற பையன் நிலக்கரியைக் கையால் தொட்டிருப்பானா என்பதே சந்தேகம். எங்கள் பக்கத்து மில்களுக்கும் தனித்தனி வாலிபால் அணிகள் இருந்ததாக அப்பா சொல்வார். மில் போனதும் அணியும் போய்விட்டது.

பசித்தது. நான் சைவம். பை சாப்பிடு என்றார்கள், மாவுக்குள் பூரணம் வைத்துச் சுடுகிற பண்டம். விகன்காரர்களைப் பக்கத்து ஊர்க்காரர்கள் "பை தின்னிகள்" என்று கேலி செய்வார்கள். 1926 சுரங்க வேலைநிறுத்தத்தில் அவர்கள்தான் முதலில் பணிந்து வேலைக்குப் போனார்களாம், அவமானத்தை விழுங்குவதை இங்கே "பை தின்பது" என்பார்கள். லீ ஊர்க்காரர்களுக்கும் பட்டம் உண்டு. லாபி என்கிற குழம்பை வழித்துத் தின்கிறவர்கள். நல்லவேளை பட்டர் பை என்று ஒன்று இருந்தது, உருளைக்கிழங்கும் வெங்காயமும் மட்டும். வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாத கத்தோலிக்கர்களுக்காக வந்த பண்டம். மிளகாய்தான் இல்லை.

பைக்குச் சில்லறை எடுக்கும்போது அந்த அம்மாள் டப்பாவை என் பக்கம் நீட்டி ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். கிளப் நிதிக்கு ராஃபிள், அதாவது பரிசுக் குலுக்கல். என்ன பரிசு என்று கேட்கத் தோன்றவில்லை. அரை மணி கழித்து என் நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். ஒரு பெரிய தட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் இழுத்துக் கட்டி, உள்ளே மாட்டிறைச்சித் துண்டுகள், சாசேஜ், பன்றித் தொடை, இன்னும் என்னென்னவோ. சனிக்கிழமை கிளப்புகளில் இதுதான் வழக்கமாம். பார் மொத்தமும் கைதட்டியது. பெரியவரிடம் கொடுக்கப் பார்த்தேன், ஜெயித்ததைக் கொடுத்தால் அதிர்ஷ்டம் போய்விடும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் மாடி முன் சீட்டில், தட்டு என் மடியில். ஓட்டுநர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க, பஸ் தானாகப் போய்க்கொண்டிருந்தது. பெரியவர் டில்டஸ்லி வருவதற்குள் தூங்கிவிட்டார்.

அக்கா கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள்.

"ரக்பி பார்க்கத்தானே போனே?"