டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும் லேபிள்கள் எங்கே சறுக்குகின்றன

பாட்டு வெளியிடும் சின்ன லேபிள் நடத்துபவர்கள், அந்தப் பாட்டுகளை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் கொண்டுசேர்க்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்பது கமிஷன் எவ்வளவு என்றுதான். நூறு சதவீத ராயல்டியும் உங்களுக்கே, வருடச் சந்தா மட்டும் கட்டுங்கள் என்கிறது ஒரு நிறுவனம். சந்தாவே வேண்டாம், வருமானத்தில் பங்கு போதும் என்கிறது இன்னொன்று. ஸ்பாட்டிஃபை தன் நேரடி அப்லோட் சோதனையை 2019 ஜூலையில் மூடிவிட்டதால், இவர்களில் ஒருவர் வழியாகப் போகாமல் சின்ன லேபிளுக்கு வேறு பாதை இல்லை. கமிஷனில் ஐந்து சதவீதம் கூடக் குறைய இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். குறியீட்டு எண்கள் கைவிட்டுப் போனாலோ, மாற்றும் வேலையை வரிசை தப்பிச் செய்தாலோ, பல வருட உழைப்பில் சேர்ந்த கேட்பு எண்ணிக்கை ஒரே வாரத்தில் பூஜ்யமாகும்.

முதலில் ஐஎஸ்ஆர்சி. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய 12 இலக்கக் குறியீடு இது. முதல் இரண்டு எழுத்து நாட்டுக்குறி, அடுத்த மூன்று பதிவுதாரர் குறி, அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி ஐந்து வரிசை எண். இந்தியாவில் பதிவுதாரர் குறியை வழங்குவது ஐஎம்ஐ என்கிற இந்தியன் மியூசிக் இண்டஸ்ட்ரி. தொடர்ந்து பாட்டு வெளியிடும் லேபிள் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்வதே நல்லது. டிஸ்ட்ரிபியூட்டர் இலவசமாகக் கொடுத்த எண்ணிலேயே பாட்டு வெளியாகியிருந்தாலும் குடி முழுகிவிடாது. நிறுவனத்தை விட்டு விலகினாலும் அந்த எண் அந்தப் பதிவுக்கு உரியதுதான், கூடவே எடுத்துப் போகலாம். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். புது இடத்தில் அப்லோட் செய்யும்போது ஐஎஸ்ஆர்சி பெட்டியைக் காலியாக விடுகிறார்கள், கணினி புது எண் போட்டுவிடுகிறது, ஸ்பாட்டிஃபை அதைப் புதுப் பாட்டாக எடுத்துக்கொள்கிறது. நேர்மாறான தவறும் உண்டு. கரோக்கே வடிவத்துக்கும் ரீமிக்ஸுக்கும் மூலப் பாட்டின் எண்ணையே கொடுத்தால் கணக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடும், பிறகு பிரிப்பது பெரும்பாடு.

இதற்கு ஒரு ஷீட் போதும். பாட்டின் பெயர், வடிவம், ஐஎஸ்ஆர்சி, ஆல்பத்துக்கு உரிய எண்ணான யூபிசி, நொடிக் கணக்கில் நீளம், இறுதி ஒலிக்கோப்பான மாஸ்டரின் பெயர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், முதல் வெளியீட்டுத் தேதி, பாடகரின் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் பக்க முகவரிகள். டிஸ்ட்ரிபியூட்டரின் டாஷ்போர்டை ஆவணக் காப்பகமாக நம்பக்கூடாது. கணக்கு முடக்கப்பட்டால் முதலில் பூட்டப்படுவது அந்தத் திரைதான்.

இனி மாற்றும் வரிசை. ஆடியோ ஸ்ட்ரீமிங்கைப் பொறுத்தவரை புதியது முதலில், பழையது பிறகு. பழைய இடத்தில் எதையும் நீக்காமல், அதே வேவ் ஒலிக்கோப்பை, அதே ஐஎஸ்ஆர்சி, அதே தலைப்பு எழுத்துக்கூட்டு, அதே கலைஞர் பெயர் வரிசை, அதே முதல் வெளியீட்டுத் தேதியுடன் புது இடத்தில் ஏற்றுங்கள். யூபிசியையும் புது நிறுவனம் ஏற்றுக்கொண்டால் பழையதையே கொடுங்கள். திரும்ப மாஸ்டர் செய்த கோப்பை இந்தச் சமயத்தில் மாற்றி வைக்கும் ஆசை வரும், வேண்டாம். நீளம் சில நொடி மாறினாலே இரண்டும் ஒன்று என்று அடையாளம் காண்பது கெடலாம். புதுப் பிரதி எல்லாத் தளங்களிலும் வந்து, பழைய எண்ணிக்கை அதில் தெரிகிற வரை பொறுத்திருந்து, அதன் பிறகுதான் பழைய இடத்தில் நீக்கக் கோரிக்கை கொடுக்க வேண்டும். இடையில் ஒரே ஆல்பம் இரண்டு முறை தெரியும், அதற்காகப் பதற வேண்டியதில்லை. நூறு ஆல்பம் உள்ள லேபிள் முதலில் குறைவாகக் கேட்கப்படும் ஐந்தாறை மட்டும் நகர்த்திச் சரிபார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகட்டும்.

பிறர் வீடியோக்களில் உங்கள் பாட்டு ஒலிப்பதைக் கண்டுபிடித்து உரிமை கோரும் யூடியூப் கன்டென்ட் ஐடிக்கு இந்த வரிசை அப்படியே தலைகீழ். அங்கே ஒரு பதிவுக்கு ஒரு நாட்டில் ஒரே உரிமையாளர்தான் இருக்க முடியும். பழைய டிஸ்ட்ரிபியூட்டர் உலகம் முழுவதற்கும் உரிமை கோரியிருக்கும்போது புதியவரும் கோரினால் உரிமை மோதல் உண்டாகி, அந்தப் பாட்டின் வருமானம் நின்றுபோகும். இருவரும் நீங்கள் நியமித்தவர்களே என்பது யூடியூபுக்குத் தெரியாது. ஆகவே பழையவரிடம் கன்டென்ட் ஐடி உரிமையை மட்டும் முதலில் விடுவிக்கச் சொல்லி, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு புதியவரிடம் அந்தச் சேவையை இயக்குங்கள். ஸ்ட்ரீமிங் இடமாற்றத்தையும் இதையும் ஒரே மின்னஞ்சலில் கேட்டால் உதவிப் பிரிவு இரண்டையும் சேர்த்து நீக்கிவிடும் அபாயம் உண்டு. தனித்தனியாகக் கேளுங்கள்.

கன்டென்ட் ஐடிக்கு எந்தப் பாட்டை அனுப்பலாம் என்பதிலும் கவனம் வேண்டும். முழு ஒலிப்பதிவிலும் உங்களுக்கு மட்டுமே உரிமை இருக்க வேண்டும் என்பது யூடியூபின் விதி. லூப் நூலகத்தில் வாங்கிய தவில் லூப்பை அப்படியே போட்ட பாட்டு, பலருக்கும் விற்கப்பட்ட பீட்டின் மேல் பாடிய ராப், இவை அந்த விதியில் தேறாது. அதே லூப்பைப் பயன்படுத்திய வேறொருவரின் வீடியோ மீது உங்கள் பெயரில் உரிமைக்கோரல் விழும், அவர் மறுப்பார். மறுப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. தவறான கோரல்கள் குவிந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் உங்கள் பட்டியல் முழுவதையும் சேவையிலிருந்து எடுத்துவிடலாம். தம்புரா ஸ்ருதி மட்டும் நீளமாக ஒலிக்கும் ஆலாபனைத் தொடக்கமும் இப்படித் தவறாகப் பொருந்தக்கூடியது, அந்தப் பகுதியை ஒப்பீட்டிலிருந்து விலக்கச் சொல்லிக் கேட்கலாம். லேபிளின் சொந்தச் சேனல், பாடகரின் சேனல் இரண்டின் முகவரியையும், அவற்றின் மீது கோரல் விழாதபடி, அனுமதிப் பட்டியலில் சேர்க்கச் சொல்வதை மறக்கவே கூடாது.

கலைஞர் பக்கம் மாறிப்போவது தமிழில் அடிக்கடி நடக்கிறது. நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத நாலு விதம் இருக்கிறது. சித்ராவில் ஒரு எழுத்து கூடினால் புதுப் பக்கம், கார்த்திக் என்று வெறுமனே போட்டால் வேறொருவர் பக்கம். இருவர் பாடிய பாட்டுக்கு இரு பெயரையும் ஒரே பெட்டியில் எழுதினால் மூன்றாவதாக ஒரு கலைஞர் பிறந்துவிடுவார். அப்லோட் செய்யும்போதே பக்க முகவரியைக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்தது.

யாரும் கேட்காமலே பாட்டு கேட்கப்பட்டதாக எண்ணிக்கையை ஏற்றும் போலி ஸ்ட்ரீம் விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். ஒரு பாட்டின் கேட்புகளில் அப்பட்டமான போலிகள் 90 சதவீதத்தைத் தாண்டினால் ஸ்பாட்டிஃபை 2024 முதல் பாட்டுக்கு மாதம் 10 யூரோ என்ற அளவில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் விதிக்கிறது. அவர் அதை லேபிளின் கணக்கில் கழிக்கிறார். அபராதம் சின்னத் தொகைதான். சந்தேகம் வந்தால் கணக்கில் உள்ள எல்லாப் பணத்தையும் நிறுத்திவைக்க டிஸ்ட்ரிபியூட்டருக்கு அதிகாரம் தரும் ஒப்பந்த வரிதான் ஆபத்தானது. ஒரு பாடகர் யாரோ புரமோட்டரிடம் பத்தாயிரம் ஸ்ட்ரீம் விலைக்கு வாங்கினால், மற்ற இருபது பேரின் பணமும் சேர்ந்து நிற்கும். கலைஞருடன் போடும் ஒப்பந்தத்தில் இதற்கென்று ஒரு பிரிவு இருக்க வேண்டும். கலைஞர்களுக்கான ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் பக்கத்தில் வாரம் ஒருமுறை நகரப் பட்டியலையும் பிளேலிஸ்ட் பட்டியலையும் பாருங்கள். நாட்டுப்புறப் பாட்டுக்குத் திடீரென்று தமிழர் அதிகம் இல்லாத ஏதோ ஓர் ஐரோப்பிய நகரம் முதலிடம் பிடித்தால், உங்களைக் கேட்காமலே யாரோ பாட்டைச் சேர்த்துவிட்ட போலி பிளேலிஸ்ட்டாகக்கூட இருக்கலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு ஸ்பாட்டிஃபையிலும் டிஸ்ட்ரிபியூட்டரிடமும் நீங்களே முந்திக்கொண்டு புகார் கொடுத்துவிடுங்கள்.

அறிக்கையில் பூஜ்யம் வருவதற்கெல்லாம் டிஸ்ட்ரிபியூட்டரைக் குற்றம் சொல்லவும் முடியாது. முந்தைய 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமை எட்டாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் ஒலிப்பதிவு ராயல்டி தருவதில்லை. வருடத்துக்கு 600 முறை கேட்கப்படும் 200 பாட்டுகள் வைத்திருக்கும் லேபிளுக்கு 1,20,000 ஸ்ட்ரீமுக்கும் ஒரு பைசா வராது. பழைய நாட்டார் பதிவுகளைப் பாதுகாக்கும் சிறு லேபிள்களை இந்த விதி நேராகத் தாக்குகிறது. இதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

சந்தா முறையில் இந்தியர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. கார்டில் தானாகப் பணம் பிடிப்பதற்கான ரிசர்வ் வங்கியின் இ-மேன்டேட் விதிகள் 2021 அக்டோபரில் அமலான பிறகு, வெளிநாட்டு நிறுவனங்கள் நம் கார்டில் தானாகப் பணம் எடுக்கும் முயற்சி அடிக்கடி தோற்கிறது. எச்சரிக்கை மின்னஞ்சல் ஸ்பேமில் கிடக்கும், சந்தா காலாவதியாகும், பட்டியல் முழுவதும் தளங்களிலிருந்து இறங்கும். புதுப்பிக்கும் தேதிக்குப் பத்து நாள் முன்பே கையால் கட்டிவிடுங்கள். அமெரிக்க வரிப் படிவத்தையும் கணக்குத் தொடங்கும் அன்றே முடியுங்கள். தனிநபர் என்றால் டபிள்யூ-8பென், கம்பெனி என்றால் டபிள்யூ-8பென்-இ. அமெரிக்காவில் ஈட்டிய ராயல்டியில் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி 15 சதவீதம் பிடிப்பார்கள், படிவம் இல்லையென்றால் 30.

ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை தானியங்கிப் புதுப்பிப்பு, விலகல் அறிவிப்புக் காலம், நிறுவனம் கைமாறினால் உங்களுக்குள்ள உரிமை. கடைசியானதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டரான தி ஆர்ச்சர்டை 2015-ல் சோனி முழுதாக வாங்கியது, அதே ஆண்டில் இன்னொரு டிஸ்ட்ரிபியூட்டரான ட்யூன்கோர் பிரெஞ்சு நிறுவனமான பிலீவிடம் போனது. அந்த பிலீவ் 2021-ல் சென்னையின் இசை லேபிளான திங்க் மியூசிக்கில் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. உங்கள் பாட்டை விநியோகிப்பவரே நாளை உங்கள் போட்டி லேபிளுக்குச் சொந்தக்காரராக இருக்கலாம்.

விலகிய பிறகும் பழைய கணக்கை உடனே மூடாதீர்கள். தளங்களின் வருமானக் கணக்கு இரண்டு மூன்று மாதம் தாமதமாகவே வரும், சிலவற்றுடையது இன்னும் தாமதம். குறைந்தபட்சப் பணம் எடுக்கும் தொகைக்குக் கீழே மிச்சம் நின்றால் அதை முழுதாகத் தீர்த்துத் தரச் சொல்லி எழுதுங்கள். வங்கி விவரத்தை மாற்றாமல் வையுங்கள். எல்லா மாத அறிக்கைகளையும் சிஎஸ்வியாக இறக்கி, பாட்டுவாரியாகக் கலைஞர்களுக்குக் கணக்கு முடித்த பிறகு கணக்கை மூடலாம்.